வேன் படியில் ஒரு கால்

பால் பொங்கியதும் எல்லோரும் குலவை போட்டார்கள். நான் மட்டும் பின்வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புது வீட்டில் முதல் டம்ளர் பால் பாண்டிச்செல்விக்குத்தான் என்று மூன்று மாதமாக நினைத்து வைத்திருந்தேன். முன்வாசல் வழியாக வாடி என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். கேட்டால்தானே! என் அட்டைப்பெட்டிக் கம்பெனிப் பெண்களோடு பின்பக்கமாக வந்து, அரிவாள்மணையை இழுத்துப் போட்டுக் கத்தரிக்காய் நறுக்க உட்கார்ந்துவிட்டாள் மகராசி. சமையலுக்குத் தனியாக ஆள் வைத்திருக்கிறேன் என்று சொன்னால் காதிலேயே வாங்கவில்லை.

டம்ளரை நீட்டினேன். எழுந்து நின்று, முந்தானையில் கையைத் துடைத்து, இரண்டு கையாலும் வாங்கினாள்.

"நீங்க குடிச்சீகளாம்மா?"

எனக்குச் சுருக்கென்றது. அம்மாவாம். இரண்டு பேருக்கும் ஒரே வயசு, ஐம்பத்திரண்டு.

ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் ஒரே தெருவில் பிறந்தவர்கள் நாங்கள். பத்து வயசில் தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போனோம். விடியுமுன்னே வேன் வந்துவிடும். வேனை விட்டால் அன்றைக்குக் கூலி கிடையாது, ராத்திரி கஞ்சியும் கிடையாது. என் அம்மா அய்யம்மாள் அப்படிக் கணக்காகக் குடும்பம் நடத்தியவள். ஆளில்லாத இடத்தில் விளக்கு எரிந்தால் முதுகில் ஒன்று வைப்பாள். "வெளக்கு எரிஞ்சா வயிறு காயும்" என்பாள். எனக்கோ கும்பகர்ணத் தூக்கம். செல்விதான் ஒரு காலை வேன் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்து நின்றுகொண்டு கத்துவாள்: "ஏட்டி தங்கம்! வாடி!" தெருவே முழித்துக்கொள்ளும். டிரைவர் வண்டியை உறுமவிடுவார், கண்டபடி வைவார். அவள் காலை எடுக்கமாட்டாள். ஒருநாள் வேன் நகர்ந்தேவிட்டது. இழுபட்டு விழுந்து முட்டி பெயர்ந்துபோனது. மறுநாள் அந்த முட்டியில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து மறுபடியும் அதே மாதிரி நின்றாள்.

அந்தக் கூலியில்தான் நான் தலையெடுத்தேன். அப்புறம் கல்யாணம், ஒரு பழைய வெட்டு மிஷின், வீட்டுக்குள்ளேயே பட்டாசுக்கு அட்டைப்பெட்டி ஒட்டிய வருஷங்கள். சீசனுக்குச் சீசன் ஆர்டர் கூடியது. இன்றைக்கு என் கம்பெனியில் அறுபது பேர் வேலை பார்க்கிறார்கள், சிவகாசியில் மூன்று மாடி வீடு. எல்லாம் சாமி கொடுத்தது என்கிறார்கள். நானும் கும்பிடத்தான் செய்கிறேன். ஆனால் சாமி ஒருநாளும் என்னை எழுப்ப வரவில்லை.

நான்கு வருஷத்துக்கு முன் செல்வியின் புருஷன் பெத்தணன் செத்துப்போனதும், என் கம்பெனிக்கே வாடி என்று கூப்பிட்டேன். நல்லது செய்கிறேன் என்று நினைப்பு. முதல் நாளே வாசலில் நின்று "வணக்கம்மா" என்றாள். என் அம்மா எப்போதோ போய்விட்டாள், வீட்டுக்காரரும் போய்விட்டார். மகன் பிரபாகரன் கனடாவில் இருந்துகொண்டு, இன்றைக்குக் காலையில் போனிலேயே வீட்டைச் சுற்றிப் பார்த்து "சூப்பர்மா" என்று சொல்லி வைத்துவிட்டான். என்னை ஏட்டி என்று கூப்பிட மிச்சம் இருந்தது இவள் ஒருத்திதான். அவள் வாயையும் சம்பளம் கொடுத்து நானே அடைத்துவிட்டேன்.

சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்ததும், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சாமான் அறைக்கு அவளைக் கூட்டிப்போனேன். ஜன்னல் இல்லாத அறை. லைட்டைப் போட்டு, மறைத்து வைத்திருந்த பட்டுச்சேலையை எடுத்து நீட்டினேன்.

"எதுக்கும்மா இது? மத்தப் பிள்ளைகளுக்கும் எடுத்திருக்கீகளா?"

"உனக்கு மட்டுந்தான். வேன் படியில காலை வச்சு நின்னியே, அதுக்கு."

"அது எந்தக் காலம்! அதைப் போயி இன்னும் நெனச்சுக்கிட்டு இருக்கீகளே."

"செல்வி, ஒரே ஒரு தடவை என்னைய ஏட்டின்னு கூப்பிடுடி."

அவள் கதவுப்பக்கம் பார்த்துக் குரலைத் தணித்தாள். "அது எப்படிம்மா? அங்கன பிள்ளைக இருக்குதுக. நாளைக்குக் கம்பெனியில உங்க சொல்லை யாரு மதிப்பா? எனக்குச் சோறு போடுற எடம்மா அது."

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. "போ! போயி அந்தக் கத்தரிக்காயையே கட்டிக்கிட்டு அழு!" என்று விருட்டென்று வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"ஏட்டி! நான் உள்ளதானடி நிக்கேன்! லைட்டை அமத்திட்டுப் போற? அய்யம்மா புத்தி அப்படியே இருக்கு பாரு ஒனக்கு!"

கையைப் பார்த்தேன். வெளிச்சுவரில் இருந்த சுவிட்சின் மேல்தான் இருந்தது. எப்போது அமத்தினேன் என்று எனக்கே தெரியாது.

கதவைத் திறந்தேன். பட்டுச்சேலைக் காகிதம் ஒருமுறை சரசரத்து நின்றது. என்ன சொன்னோம் என்று அவளுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். அடுப்படியில் பெண்கள் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தார்கள். "மொதலாளியம்மா எங்க?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது.

நான் சுவிட்சைப் போடவில்லை. ஒரு காலை இருட்டுக்குள் எடுத்து வைத்தேன். இன்னொரு கால் நிலைப்படியிலேயே நின்றது.