சல்லடை போன இடம்

மழை பெய்து பதினோரு நாளாயிற்று. ஆனாலும் குழியில் மணல் சேர்ந்துகொண்டே இருந்தது.

எங்கள் வீட்டுக் கீழறை தெருமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அதன் மூலையில் முழ அகலத்தில் ஒரு குழி. தரைக்கடியில் ஊறும் நீரும், பின்வாசலுக்கு வெளியே உள்ள கால்வாயில் விழும் நீரும் அதில்தான் வந்து சேரும். குழிக்குள் ஒரு சின்ன மோட்டார். அதோடு கட்டிய மிதவை தண்ணீரோடு மேலே ஏறினால் மோட்டார் ஓடும், இறங்கினால் நிற்கும். அதற்கு இருக்கும் மூளையே அவ்வளவுதான். அதனாலேயே எனக்கு அதை ரொம்பப் பிடிக்கும்.

அந்த மோட்டார் ஒரே மாதத்தில் மூன்று முறை நின்றுவிட்டது. ஒவ்வொரு முறை கழற்றியபோதும், தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரம் மணலில் இறுகிக் கிடந்தது. நான் தையல் மெஷின் ரிப்பேர் செய்பவள். நூல் பிசிறு ஒரு மெஷினை என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியும். ஆனால் பிசிறு எந்தத் துணியிலிருந்து வந்தது என்று நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். இந்த மணல் எங்கிருந்து வருகிறது?

மூன்றாவது முறை தண்ணீர் அம்மாவின் கட்டில் காலைத் தொட்டுவிட்டது. இடுப்பெலும்பு முறிந்த பிறகு அம்மா சக்கர நாற்காலியில்தான் இருக்கிறாள். படி ஏறாமல் வெளியே போக வழியுள்ள ஒரே அறை அதுதான். பின்வாசலிலிருந்து ஒரு சிமென்ட் சரிவு தெருவுக்கு ஏறுகிறது. தினமும் காலையில் அப்பா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அதில் ஏறி, அம்மாவுக்குத் தெருவைக் காட்டிவிட்டு வருவார்.

தண்ணீர் விஷயம் தெரிந்ததும் அண்ணன் போன் செய்தான்.

"சனிக்கிழமை வேன் எடுத்துட்டு வரேன். அம்மா என்கூட இருக்கட்டும். இங்க லிஃப்ட் இருக்கு."

"அப்பா?"

"ஒரு கட்டில் போடத்தான் இடம். அப்பா வாராவாரம் வந்து பாத்துட்டுப் போகட்டும்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அம்மா கட்டிலிலிருந்தே குரல் கொடுத்தாள். "நாப்பத்திரெண்டு வருஷமா உங்கப்பா குறட்டைக்குப் பக்கத்துலதான்டா தூங்கறேன். திடீர்னு அமைதியா இருந்தா எனக்கு எப்படித் தூக்கம் வரும்?"

முப்பது வருடம் பஸ் ஓட்டியவர் அப்பா. பயணிகள் பேசியதே போதும் என்பது போல, அதிகம் பேச மாட்டார். எழுந்து வெளியே போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை மோட்டாருக்கு மெல்லிய துணி ஒன்றைச் சுற்றிக் கட்டினேன். பத்தே நிமிடத்தில் துணி அடைத்துக்கொண்டது. மணலோடு தண்ணீரும் வெளியே நின்றுவிட, மோட்டார் வெறுமனே உறுமியது.

"மூக்கைப் பொத்திட்டு ஓடச் சொன்னா அது என்னடி பண்ணும்?" என்றாள் அம்மா.

அவள் சொன்னது சரிதான். வாயருகே வந்துவிட்ட மணலைத் தடுப்பதைவிட, வழியிலேயே நிறுத்துவது நல்லது. அதற்கு வழி தெரிய வேண்டும்.

புதன்கிழமை குழி மணலில் ஒரு கைப்பிடியை எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தேன். இது நல்ல சோதனை. யாரும் செய்து பார்க்கலாம். நிலத்தடியிலிருந்து ஊறி வந்த மண்ணாக இருந்தால் தண்ணீர் வெகுநேரம் கலங்கலாகவே நிற்கும், ஏனென்றால் மண்ணில் களிமண்ணும் தூசியும் உண்டு. இதுவோ நான் மூச்சு விடுவதற்குள் அடியில் படிந்துவிட்டது. மேலே தண்ணீர் தெளிவாக இருந்தது. உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன். எல்லா மணியும் ஒரே அளவு. ஒரு சின்னக் கல்கூட இல்லை. யாரோ சலித்த மணல்.

"என் சல்லடையைப் பாத்தியாடி?" என்று அம்மா கேட்டாள். "ரெண்டு மாசமா தேடறேன். மாவு சலிக்க முடியல."

"நான் எதுக்கும்மா எடுக்கப்போறேன்?"

"உன்னை நம்ப முடியாது. ஏதாவது மெஷினுக்குள்ள வெச்சு மூடியிருப்ப."

நாற்காலியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டயரின் வரிகளுக்குள் அதே மணல்.

வியாழக்கிழமை விடிந்தும் விடியாமலும் பின்வாசலுக்குப் போனேன். அப்பா சரிவில் முதுகு வளைந்து நின்றிருந்தார். கையில் அம்மாவின் சல்லடை. அதை மெல்ல ஆட்டி, சக்கரங்கள் உருளும் இரண்டு தடத்திலும் மணல் தூவிக்கொண்டிருந்தார்.

"அப்பா."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சத்தம் போடாத. அம்மா எழுந்துடுவா."

"என்னப்பா பண்றீங்க?"

"பாசி புடிச்சு வழுக்குது. ஏத்தத்துல பஸ் வழுக்கினா சக்கரத்துக்கு அடியில மணலைத்தான் போடுவோம்." சல்லடையைத் தட்டிக் காலி செய்தார். "ஒரு நாள் நாற்காலி ஒரு அடி பின்னால வந்துடுச்சு. நான் புடிச்சுட்டேன். ஆனா அவ கை நடுங்கினது அன்னிக்குப் பூரா நிக்கல. உங்கண்ணன் காதுக்குப் போயிருந்தா அப்பவே கூட்டிட்டுப் போயிருப்பான்."

"சல்லடை எதுக்கு?"

"கல்லு ஏறினா சக்கரம் தூக்கிப் போடும்ல. அவளுக்கு இடுப்பு வலிக்கும்."

நான் கேட்டேன். "அப்புறம் இந்த மணல் எங்கப்பா போகுது?"

"நீங்க பாத்துடக் கூடாதுல்ல? அவளை உள்ள விட்டுட்டு ரெண்டு வாளி தண்ணி ஊத்திக் கழுவிடுவேன். சுத்தமா போயிடும்."

"எங்க போயிடும்?"

ஓட்டுநரின் கண் அல்லவா, தடத்தைப் பிடித்துக்கொண்டது. சரிவு, அதன் காலடியில் கால்வாய், கால்வாய் முடிவில் குழாய், குழாய்க்கு அந்தப்புறம் குழி. அப்பா அப்படியே சரிவில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ நானேதான் அவளை வேன் ஏத்தப் பாத்தேனா?"

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இதில் இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. தினமும் கழுவுவதால் சிமென்ட் காய்வதே இல்லை. காயாததால் பாசி. பாசியால் வழுக்கல். வழுக்கலுக்கு மணல். மணலை மறைக்க மறுபடி கழுவல்.

"ஒரே வட்டத்துல ஓட்டியிருக்கீங்கப்பா."

"டெர்மினஸே இல்லாம," என்றார் அப்பா. அவர் உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்தது.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "ரெண்டு மாசமா சக்கரம் நறநறங்குது. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? கேட்டா விட்டுடுவீங்களேன்னுதான் கேக்கல. ஆனா அது என் சல்லடைன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே உங்களைத் தொலைச்சிருப்பேன்!"

அப்பா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "இப்ப என்ன பண்ணலாம் சொல்லு."

இரண்டு நாள் அம்மா தெருவுக்குப் போகவில்லை. சன்னலோரம் உட்கார்ந்து எங்களை மேய்த்தாள். "அந்த ஓரத்துல பாசி அப்படியே இருக்கு பாருங்க. பஸ்ஸை இப்படித்தான் தொடைச்சீங்களா?" அப்பா அந்த ஓரத்தையும் சுரண்டினார். நான் கால்வாய் முடிவைத் தோண்டினேன்.

சனிக்கிழமை அண்ணன் வேனோடு வந்தான். அப்பா அவனை உட்காரக்கூட விடவில்லை. உலர்ந்த மணலைக் கைநிறைய அள்ளிக் கால்வாயில் போட்டார்; சரிவின் மேலிருந்து ஆறு வாளி தண்ணீர் ஊற்றினார். மிதவை எழுந்தது, மோட்டார் ஓடியது, தண்ணீரை வெளியேற்றிவிட்டு நின்றது. அண்ணன் டார்ச் அடித்துக் குழியைப் பார்த்தான். அடித்தரை துடைத்துவிட்டது போல் இருந்தது.

அப்புறம் நாற்காலியை அவனே சரிவில் தள்ளி ஏற்றினான். சரிவு நனைந்துதான் இருந்தது. பாதி வழியில் நிறுத்தி, வேண்டுமென்றே கொஞ்சம் பின்னால் இழுத்தும் பார்த்தான். சக்கரம் வழுக்கவில்லை. அம்மாவின் கை மடியில் சும்மா கிடந்தது.

"சத்தமே இல்ல. எனக்கு என்னவோ மாதிரி இருக்கு," என்றாள்.

பின்னால் நடந்து வந்த அப்பா, வாயாலேயே மெதுவாக, "நறநற, நறநற," என்றார்.

அண்ணன் சிரித்துவிட்டான். "சரி. வேன்காரரைப் போகச் சொல்றேன்."

நாங்கள் செய்தது இதுதான். பாசியைச் சுரண்டிக் காயவைத்து, சரிவுக்குத் தரை பெயின்ட் அடித்தோம். ஈரம் இருக்கும்போதே சலித்த மணலைத் தூவி, காய்ந்ததும் உதிரியைக் கூட்டி எடுத்துவிட்டு, மேலே இன்னொரு பூச்சு கொடுத்தோம். மணல் சரிவிலேயே இருக்கிறது, ஆனால் நகராது, கழுவவும் வேண்டாம். கால்வாய் முடிவில் ஒரு வாளியைப் புதைத்து, விளிம்புக்குச் சற்றுக் கீழே ஓட்டை போட்டுக் குழாயைப் பொருத்தினேன். தெருவிலிருந்து வரும் மணல் வாளியில் வேகம் குறைந்து அடியில் தங்கும்; மேலே தெளிந்த நீர் மட்டும் குழிக்குப் போகும். மோட்டாரை இரண்டு செங்கல் உயரத்தில், மிதவை சுவரில் இடிக்காதபடி வைத்தேன். மாதம் ஒரு முறை வாளியில் படிந்த மணலை அள்ளிக் கொட்டினால் போதும். வாளியின் மேல், இலை தழை விழாமல் இருக்க, அம்மாவின் சல்லடை.