ஊசி முனைக்கு ஒரு சட்டம்

கடைசல் பட்டறைக்காரர் இடது கண்ணைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு படியேறி வந்தபோது காலை மணி பதினொன்று. அவரைப் பார்த்ததுமே என்ன விஷயம் என்று கண்ணாடியம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. இரும்பு கடையும் பட்டறைகள் மட்டும் அந்த ஊரில் பதினேழு இருந்தன. மாதத்துக்கு நாலைந்து பேர் இப்படித்தான் ஒற்றைக் கண்ணோடு அவளிடம் வந்து நிற்பார்கள்.

கண்ணாடியம்மா என்பது ஊர் வைத்த பேர். அவள் படித்தது கண்ணைப் பரிசோதிக்கும் படிப்பு, முழுசாக ஐந்து வருஷம். கத்தி பிடிக்கும் கண் டாக்டரும் இல்லை, வெறுமனே கண்ணாடி விற்பவளும் இல்லை. இரண்டுக்கும் நடுவே நிற்கிற ஆப்டோமெட்ரிஸ்ட். அந்தச் சொல்லை ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, நமக்கெதற்கு வம்பு என்று ஊரே கண்ணாடியம்மாவுக்கு இறங்கி வந்துவிட்டது. கடையின் முன்பக்கம் சுவர் கொள்ளாமல் மூக்குக்கண்ணாடிச் சட்டங்கள். பின்பக்கத்து இருட்டறையில்தான் அவளுடைய நிஜமான வேலை.

"மோவாயை இதுல வைங்க. நெத்தி ஒட்டியிருக்கணும். என் காதைப் பாருங்க, என்னைப் பாக்காதீங்க."

விளக்கின் மெல்லிய கோடு அவர் கண்மேல் விழுந்தது. கருவிழியின் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில், கடிகாரத்தில் நாலு மணி இருக்கும் திக்கில், கடுகில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத இரும்புத் துகள் ஒன்று குத்தி நின்றது. ஆழமில்லை. சுற்றித் துருப்பிடிக்கவும் இல்லை. மரத்துப்போகும் சொட்டு இரண்டு விட்டு, ஊசி முனையால் ஓரமாக நெம்பினால் அரை நிமிஷ வேலை.

அந்த அரை நிமிஷ வேலையைத்தான் அவள் செய்யக் கூடாது. அவளைப் போன்றவர்கள் எதையெல்லாம் செய்யலாம் என்று அந்த மாகாணத்தில் ஒரு சட்டம் இருந்தது. கண்ணைப் பார்க்கலாம், அளக்கலாம், அழுத்தம் சோதிக்கலாம், உப்புநீரால் கழுவலாம். ஊசி மட்டும் கண்ணைத் தொடக் கூடாது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மாகாணத்தில் சட்டம் வேறு. கல்யாணத்துக்கு முன் அங்கே நாலு வருஷம் வேலை பார்த்தபோது முந்நூறு துகளுக்கு மேல் எடுத்திருக்கிறாள். கல்யாணமாகிப் பாலம் தாண்டி வந்ததும் அதே கை குற்றவாளிக் கையாகிவிட்டது.

இரண்டு முறை உப்புநீர் விட்டுக் கழுவிப் பார்த்தாள். துகள் அசையவில்லை. கடிதம் எழுதி நீட்டினாள்.

"பெரியாஸ்பத்திரிக்கு இன்னைக்கே போயிடுங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க."

"ரெண்டு பஸ் மாறணுமே. போக வர ஒரு நாள் ஓடிடும். நீங்களே எடுத்துடுங்களேன், உங்களுக்குத் தெரியும்னு ஊருக்கே தெரியும்."

"தெரியும். ஆனா எடுக்கக் கூடாது."

"இந்த இருட்டு ரூம்ல யாரு பாக்கப் போறாங்க?"

"நான் பாக்கறேனே."

அவர் கடிதத்தைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு போனார். போனது பஸ் நிலையத்துக்கு இல்லை, பட்டறைக்கு. அங்கே கூட வேலை பார்க்கும் ஒருவர் இந்த விஷயத்தில் கைராசிக்காரர் என்று பேர் வாங்கியவர். மெல்லிய பித்தளைத் தகட்டின் முனையை வேட்டியில் துடைத்துவிட்டு, இமையைத் தூக்கிப் பிடித்துத் துகளைச் சுரண்டி எடுத்துவிட்டார். எடுத்தது என்னவோ உண்மைதான்.

மூன்றாம் நாள் காலை கடை திறக்குமுன்னே பட்டறைக்காரர் படியில் உட்கார்ந்திருந்தார். கண் தக்காளியாகச் சிவந்திருந்தது. விளக்கை வைத்துப் பார்த்தபோது துகள் இருந்த இடத்தில் சுண்ணாம்புப் பொட்டு மாதிரி வெள்ளையாகப் புண். கண்ணாடியம்மா கையிலிருந்த சாவியால் கடையை மறுபடி பூட்டினாள். வாடகைக் கார் பிடித்து அவரைத் தானே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

பெரியாஸ்பத்திரியின் தலைமைக் கண் டாக்டர் அவளுக்கு வேற்றாள் இல்லை, அக்கா வீட்டுக்காரர். கண் டாக்டர்கள் சங்கத்துக்குத் தலைவரும் அவரே. நல்ல மனிதர்தான், ஆனால் கண் என்று வந்துவிட்டால் சொந்தபந்தம் பார்க்க மாட்டார்.

"மூணு நாள் கழிச்சுக் கூட்டிட்டு வர்றே?" என்றார், பட்டறைக்காரரின் கண்ணிலிருந்து தலையைத் தூக்காமலே.

"முதல் நாளே அனுப்பினேன் அத்தான். அவர் வரல. முதல் நாளே என் கையால எடுத்திருந்தா மூணு நாளே ஆகியிருக்காது."

"ஆரம்பிச்சுட்டியா."

"நீங்கதான் கேட்டீங்க."

புண் ஆற மூன்று வாரம் ஆயிற்று. கண் பிழைத்தது. ஆனால் தழும்பு நின்றுவிட்டது. சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையில் பட்டறைக்காரர் கடைசி வரிவரை வாசிப்பவர். இப்போது அந்தக் கண்ணால் அதற்கு இரண்டு வரி மேலேயே நின்றுவிட்டார். "வலது கண்ணு இருக்குல்ல, பொழச்சுக்குவேன்" என்று அவர் சிரித்தார். கண்ணாடியம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று முதல் நாலு வருஷத்துப் பதிவேடுகளை எடுத்து, துகளோடு வந்தவர்களை ஒவ்வொருவராகக் குறித்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவர் வீட்டுக்கும் பட்டறைக்கும் போன் போட்டு, ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா என்று கேட்டாள். போனவர்கள் அறுபத்தொன்று.

அந்தச் சமயம் பார்த்துச் சட்டத்தைத் திருத்தும் பேச்சு கிளம்பியது. ஆப்டோமெட்ரிஸ்டுகள் சங்கம் மூன்று அனுமதி கேட்டு மனுப் போட்டிருந்தது. ஒன்று, கண்ணின் மேல்பரப்பில் சிக்கிய துகளை எடுப்பது. இரண்டு, கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து எழுதிக் கொடுப்பது. மூன்று, புரை ஆபரேஷன் ஆன கண்ணில் பிற்பாடு படியும் படலத்தை லேசரால் திறப்பது. சட்டமன்றக் குழு இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரிக்கப் போகிறது என்றும், அவள் கணக்கைக் கேள்விப்பட்டதாகவும், அவள் வந்து பேச வேண்டும் என்றும் சங்கச் செயலாளர் போனில் சொன்னார். எதிர்த் தரப்பில் பேசப்போவது யார் என்று அவர் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

அன்று மாலையே அக்கா கூப்பிட்டாள்.

"நீயும் உங்க அத்தானும் மன்றத்துல முட்டிக்கப் போறீங்களாமே."

"முட்டிக்க என்ன இருக்கு. எனக்குத் தெரிஞ்சதை நான் சொல்வேன், அவருக்குத் தெரிஞ்சதை அவர் சொல்வார்."

"என்னமோ பண்ணுங்க. ஞாயித்துக்கிழமை சாப்பிட வந்தா என் வீட்டுல கண்ணைப் பத்தி ஒரு பேச்சு வரக் கூடாது. மீறினா ரெண்டு பேருக்கும் பட்டினி."

விசாரணை அறை அவள் நினைத்ததைவிடச் சின்னது. நீள மேசைக்கு அந்தப் பக்கம் குழு உறுப்பினர்கள் ஏழு பேர். நடுவே குழுத் தலைவி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு எல்லோரையும் மேலாகப் பார்த்தார். கண்ணாடியம்மாவுக்கு முதலில் பட்டது, அந்த அம்மாளின் வாசிப்புப் பவரை மாற்ற வேண்டும் என்பதுதான். அது பட்டதும், வரும்போது இருந்த கொஞ்சநஞ்சப் படபடப்பும் போய்விட்டது.

இருநூற்றுப் பன்னிரண்டையும் அறுபத்தொன்றையும் சொன்னாள். போகாதவர்கள் எதை வைத்து எடுத்துக்கொண்டார்கள் என்றும் சொன்னாள்: தகட்டு முனை, தீக்குச்சி, துணி நுனி, ஒருவர் வீட்டில் மனைவியின் நாக்கு. ஏழு பேரில் இரண்டு பேர் தங்களை அறியாமல் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்கள்.

"நான் எடுக்கலாமா வேண்டாமாங்கறது இல்லைங்க கேள்வி. துகளை எப்படியும் யாரோ எடுத்துடறாங்க. கழுவின கையோட, விளக்கு வெச்சு, சுத்தமான ஊசியால எடுக்கத் தெரிஞ்ச ஒருத்திக்கு மட்டும்தான் இப்போ தடை."

அடுத்து அத்தான் எழுந்தார். மனிதர் நன்றாகவே தயாரித்து வந்திருந்தார். கண் என்பது பழகிப் பார்க்கிற இடமில்லை என்று தொடங்கி, நேராக லேசருக்குப் போனார். குறி ஒரு மயிரிழை தப்பினால் உள்ளே வைத்த லென்ஸில் வடு விழும், அழுத்தம் ஏறும், விழித்திரை கிழிந்தால் அன்றைக்கே அறுவை செய்ய ஆள் வேண்டும். இதையெல்லாம் இரண்டு நாள் பயிற்சியில் கற்றுக்கொண்டு வந்து செய்வேன் என்பவர்களிடம் கண்ணைக் கொடுப்பீர்களா? கேட்டுவிட்டு மச்சினியைப் பார்க்காமல் உட்கார்ந்தார்.

தலைவி கண்ணாடியம்மாவிடம் திரும்பினார். "இதுக்கு உங்க பதில்?"

பக்கத்திலிருந்த செயலாளர் ஒரு காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். வேறு நாடுகளின் புள்ளிவிவரங்கள், அழகாகத் தட்டச்சிட்டு. அவள் அதைப் பார்த்தாள். பிறகு மெல்ல அவர் பக்கமே திருப்பி வைத்தாள்.

"டாக்டர் சொல்றது சரிங்க. லேசரை நான் கேக்கல."

செயலாளரின் நாற்காலி கிரீச்சிட்டது. "உங்க சங்கமே கேட்டிருக்கே?" என்றார் தலைவி.

"சங்கம் கேட்டிருக்கு. நல்லாப் படிச்சு, டாக்டர் கூட நின்னு நூறு கண்ணு பார்த்தவங்க நாளைக்குக் கேட்டா அது வேற. நான் அந்த ரெண்டு நாள் பயிற்சிக்குப் போயிருக்கேன். பிளாஸ்டிக் கண்ணுல சுட்டேன், சான்றிதழும் குடுத்தாங்க. அதை நான் சுவத்துல மாட்டல. துகள் அப்படி இல்லைங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம் முந்நூறு கண்ணுல எடுத்திருக்கேன், எது என் கைக்குள்ள அடங்கும், எது அடங்காதுன்னு பார்த்ததும் தெரியும். எனக்குத் தெரிஞ்சதை மட்டும்தான் கேக்கறேன்."

தலைவி அத்தானைப் பார்த்தார். "டாக்டர், லேசரை ஒதுக்கிடுவோம். துகள் விஷயத்துல இந்த அம்மா சொல்றது சரியா? தாமதமா வர்ற கண்ணு உங்ககிட்ட எவ்வளவு?"

பொய் சொல்லியிருந்தால் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். அத்தான் கையிலிருந்த பேனாவை மூடினார்.

"வாரத்துக்கு ரெண்டு. ரெண்டுல ஒண்ணு தழும்போட திரும்பிப் போகும். எல்லாம் தூரத்து ஊர்க்காரங்க." தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேலாக நிக்கற துகள்னா எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனா நிபந்தனை உண்டு. கருவிழியோட நடுவுல இருந்தாலோ, ஆழமா இருந்தாலோ தொடாம அனுப்பணும். முறையா பரீட்சை வெச்சுத்தான் அனுமதி குடுக்கணும். எடுக்கறப்போ பக்கத்துல ஒரு டாக்டர் இருக்கணும்."

"முதல் ரெண்டும் சம்மதம்," என்றாள் கண்ணாடியம்மா. "மூணாவது முடியாது. எங்க ஊர்ல பக்கத்துல ஒரு டாக்டர் இருந்தா நான் எதுக்குங்க இவ்வளவு தூரம் வந்து இங்க நிக்கறேன்?"

முதலில் சிரித்தது தலைவி. பிறகு குழு முழுவதும் சிரித்தது. அத்தானும், வேண்டாவெறுப்பாக, மீசைக்குள் சிரித்தார். மூன்றாவது நிபந்தனை அங்கேயே விழுந்தது.

வெளியே வராந்தாவில் அவளைத் தாண்டிப் படியிறங்கிப் போன செயலாளர் பாதியில் நின்று, "மூணு வருஷ உழைப்பும்மா அது," என்றார்.

"தெரியும் சார். மூணையும் சேத்துக் கட்டியிருந்தா மூணும் போயிருக்கும்."

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு சங்கக் கூட்டங்களில் அவளுக்குக் கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு வந்தாள்.

எட்டு மாதத்தில் திருத்தம் நிறைவேறியது. துகளும் சொட்டு மருந்தும் உள்ளே, லேசர் வெளியே. பரீட்சைக்கு மாகாணம் முழுவதிலிருந்தும் நாற்பது பேர் வந்தார்கள். கேள்வித்தாள் போட்டவர் அத்தான்தான்; தாளைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது, அவ்வளவு கொடூரமாக வேறு யாராலும் கேட்க முடியாது. தேறினாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில், "பதினாலாவது கேள்வி தப்பு அத்தான்," என்று அவள் வாயெடுத்ததும் அக்கா சாதக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

சட்டம் நடைமுறைக்கு வந்த முதல் வாரம் துகளோடு வந்தவர் ஒரு லாரி டிரைவர். இருட்டறையில் ஊசி, சொட்டு மருந்து, பஞ்சு எல்லாம் தட்டில் தயாராக இருந்தன. விளக்கை வைத்துப் பார்த்தாள். துகள் கருவிழியின் நட்டநடுவில். விளக்கை அணைத்துவிட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தாள்.

"இப்போதான் சட்டமே வந்துடுச்சே?" என்றார் டிரைவர்.

"வந்துடுச்சு. அதுலதான் உங்களை அனுப்பணும்னும் இருக்கு. லாரி வேணாம், பஸ்லயே போங்க. நான் போன் பண்ணிச் சொல்றேன், காத்திருக்க வைக்க மாட்டாங்க." ஆஸ்பத்திரிக்கு அவர் முன்னாலேயே போன் போட்டாள். சாயங்காலம் மறுபடி போட்டு, டிரைவர் வந்தாரா என்று கேட்டாள். வந்திருந்தார்.

மறுநாள் மத்தியானம் வந்தது கட்டட வேலை பார்க்கும் ஒரு பெண். ஓடு அறுக்கும்போது தெறித்ததாம். கருவிழியின் ஓரத்தில், மேலாக, ஒரு சின்னப் பொடி. கண்ணாடியம்மா கையைக் கழுவினாள். சொட்டு விட்டாள், ஒரு நிமிஷம் பொறுத்தாள்.

"எங்கயும் பாக்காதீங்க, என் காதையே பாருங்க. வலிக்காது. நான் நிறுத்தச் சொல்லும்போது மட்டும் மூச்சை நிறுத்துங்க."

ஊசியைப் பக்கவாட்டில் கொண்டுவந்தாள். ஏழு வருஷமாயிற்று இதைச் செய்து. பரீட்சையில் ஆட்டுக்கண்ணில் செய்தது வேறு. கை ஒரு நூல்கூட ஆடவில்லை. முனை பொடியின் விளிம்பைத் தொட்டது, நெம்பியது, பொடி ஊசியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. கிருமிநாசினிச் சொட்டு விட்டு, பார்வையை மறுபடி அளந்து, நாளை காலை வந்து காட்டச் சொன்னாள்.

அந்தப் பெண் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தாள். பஞ்சின் மேல் வைத்த பொடியை விளக்குக்குக் கீழே வெகுநேரம் தேடினாள்.

"இதுதானா? உள்ள இருந்தப்போ பாறாங்கல்லு மாதிரி இருந்துச்சே."

"கண்ணுக்குள்ள எல்லாமே அப்படித்தான் இருக்கும்," என்றாள் கண்ணாடியம்மா. பதிவேட்டில் தேதியைப் போட்டு, 'ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டது' என்ற கட்டத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் 'எடுக்கப்பட்டது' என்று எழுதினாள்.