வியாழக்கிழமை தராத அட்டை

"பெட்டிக்குள்ளதான ஆதார் இருக்கு? குடுங்கக்கா. ஜெராக்ஸ் எடுத்துட்டு அரை மணி நேரத்துல கொண்டாந்துருதேன்."

சபிதா தகரப் பெட்டியை மறித்துக்கொண்டு நின்றாள். "இன்னிக்கு வியாழன். குடுக்காது. நாளைக்கு வா."

"வியாழனுக்கும் ஆதாருக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டாள் கல்பனா.

ஒடிசாவிலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகியும், அதற்கு மேல் சபிதாவிடம் தமிழ் இல்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

கல்பனாவும் பிரிஸ்கில்லாவும் ஸ்ரீவில்லிபுத்தூர் கல்லூரியில் குற்றவியல் மூன்றாம் ஆண்டு. வேற்று ஊர் மனிதர்களைப் பாடப் புத்தகத்தில் படித்தால் போதாது, நாற்பது மணி நேரம் அவர்களுக்கு வேலை செய்து பழக வேண்டும் என்பது இந்த வருட விதி. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் லைன் வீடுகளில், தொழிலாளர்களை நலவாரியத்தில் பதிந்துகொடுப்பது இவர்கள் வேலை.

வாசலிலிருந்து பெட்டி வரை மாக்கோலத்தில் சின்னச் சின்னப் பாதங்கள். கல்பனா அதைத் தாண்டிப் பெட்டியின் பூட்டைப் பார்த்தாள். பாயச வாசனை வந்தது. போன ஞாயிறு கேட்காமலே பொரியை அள்ளித் தந்தவள், இன்று பாத்திரத்தைத் தட்டுப் போட்டு மூடினாள்.

வெளியே வந்ததும் கல்பனா போனை எடுத்தாள். "கார்டு போலி. நாளைக்குள்ள வேற கார்டு ரெடி பண்ணிருவா. அப்பாட்டச் சொல்லப் போறேன்."

அவள் அப்பா சுந்தரபாண்டியன் ராஜபாளையத்தில் ஏட்டு. அவளுக்கு எஸ்.ஐ. ஆசை.

"ஏட்டி, கிறுக்கா ஒனக்கு?" என்றாள் பிரிஸ்கில்லா. "போலீஸ் கால் வச்ச ரூம காலி பண்ணச் சொல்லிருவேன்னு சூப்பர்வைசர் சொன்னாருல்ல? அவ மக இங்க மூணாப்பு படிக்கா."

"தப்பு இல்லன்னா அவ ஏன் பயப்படணும்?"

செய்தி போய்விட்டது. அப்பாவின் பதிலும் வந்தது: 'சபாஷ். நாளைக்கு சாயங்காலம் பாத்துருவோம்.'

மறுநாள் வெள்ளிக்கிழமை. கல்பனாவின் அம்மா விளக்கேற்றி முடித்த நேரம் பக்கத்து வீட்டுக் குருவம்மாள் எட்டிப் பார்த்தாள். "மதினி, உறைக்குக் கொஞ்சம் தயிர் இருக்கா?"

"வெள்ளிக்கிழம, வெளக்கும் வச்சாச்சு. எப்படித் தர? காலையில நானே கொண்டாரேன்."

"அட, கெழமைய மறந்துட்டேன் பாரு!" குருவம்மாள் சிரித்துக்கொண்டே போனாள்.

கல்பனா காபியைக் கீழே வைத்தாள். வெள்ளிக்கிழமை. சபிதா ஊரில் அது வியாழக்கிழமை. வாசலிலிருந்து உள்ளே வந்த பாதங்கள். லட்சுமியை அழைத்துவிட்டு, வீட்டுப் பொருளை யார் வெளியே விடுவார்கள்?

அப்பா போனை எடுக்கவில்லை. ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

அவள் போனபோது அப்பாவின் பைக் லைன் வீட்டு முன்னால் நின்றது. தகரப் பெட்டி தெருவில் கிடந்தது. அதன் மேல் பள்ளிப் பை. சபிதா ஆதாரை இரண்டு கையாலும் நீட்டியபடி நின்றாள்.

"கார்டு சரியாத்தான் இருக்கு. வா, போவோம்," என்றார் அப்பா.

"பெட்டி ஏன்ப்பா வெளிய கெடக்கு?"

சூப்பர்வைசர் மாரிசாமி குறுக்கே வந்தார். "போலீஸ் வந்த ரூம் நமக்கு ஆகாதும்மா. மொதலாளி என்னைய வெரட்டிருவாரு."

"அண்ணாச்சி, தப்பு என் மேல. விசாரிக்காம நான்தான் தகவல் குடுத்தேன். எழுதித் தாரேன்."

"வாய மூடு," என்று அப்பா பல்லைக் கடித்தார். "எஸ்.ஐ. ஆகணும்னு நெனப்பு இருக்கா, இல்லியா?"

கல்பனா களக்குறிப்பு நோட்டில் ஒரு தாளைக் கிழித்தாள். எழுதினாள், கையெழுத்துப் போட்டாள்.

மாரிசாமி வாசித்தார். "ஏட்டய்யாவும் கையெழுத்துப் போட்டா இவள வச்சுக்கிடுதேன்."

அப்பா மகளை முறைத்தார். பிறகு பேனாவைப் பிடுங்கிக் கிறுக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பைக்கை உதைத்தார்.

பெட்டி உள்ளே போனது. ஒரு பக்கம் கல்பனா பிடித்தாள். மறுபக்கம் சபிதா.

ஞாயிற்றுக்கிழமை படிவத்தோடு போனபோது சபிதா நாற்காலியை வெளியே கொண்டுவந்து போட்டாள். ஆதார் ஜெராக்ஸ் தயாராக இருந்தது, அவளே எடுத்திருந்தாள். கொடுத்துவிட்டு, வீட்டுக் கதவை இழுத்துப் பூட்டினாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு கல்பனாவின் எதிரே உட்கார்ந்தாள்.

"எழுது," என்றாள்.