கையுறையில் பட்ட நொடி

எங்கள் மேற்கு வர்ஜீனியாச் சுரங்கத்தில் பூமிக்கு மேலே வேலை கிடைக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மேனேஜர் ஹோல்கோம் உங்கள் சகோதரியைக் கட்டியிருக்க வேண்டும். இன்னொன்று, கம்பெனி அணியில் பேஸ்பால் ஆட வேண்டும். ஓர்வல் கெசிங்கருக்குச் சகோதரி இல்லை. ஆடினான். அதனால் விளக்கு அறையில் உட்கார்ந்து, குழிக்குள் இறங்குகிறவர்களின் விளக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பதினைந்து வருஷம் குழிக்குள் கரித்தூளை மூச்சில் இழுத்தவன். இனி ஒரு குளிர்காலம் கீழே இறங்கினால் தாங்கமாட்டான் என்று கம்பெனி டாக்டரே சொன்னார். வாயால்தான் சொன்னார், எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்குத் தொண்ணூறு அடி; அதை ஓட மட்டும் அவன் மூச்சு போதும்.

1934 ஆகஸ்ட், பக்கத்துப் பள்ளத்தாக்குச் சுரங்கத்தாரோடு ஆட்டம். காலையிலேயே ஹோல்கோம் சொல்லிவிட்டார்: "இன்னிக்கு உன்னால தோத்தோம்னா, கெசிங்கர், திங்கட்கிழமை நீ குழியில நிப்ப."

அம்பயர், நீதிபதி டார்வாட்டர். மைதானத்தின் மதிப்பை உயர்த்துவதற்காகக் கம்பெனி அழைத்த விருந்தாளி. பேஸ்பால் விதிப் புத்தகத்தைத் திறந்து பார்ப்பது தன் பதவிக்கு இழுக்கு என்று நினைக்கும் ரகம். நான் கம்பெனி குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கோர் எழுதுபவன்.

கடைசி இன்னிங்ஸ். நாங்கள் ஒரு ரன் பின்தங்கியிருந்தோம். மூன்று பேர் அவுட்டானால் முடிந்தது; ஒருவர் ஏற்கெனவே அவுட். ரன்னுக்கு ஒரே ஓட்டம் மிச்சமிருக்க, மூன்றாவது பேஸில் ஓர்வல். எங்கள் ஆள் அடித்த பந்து இடப்பக்கம் உயரே போனது. அங்கிருந்தவன் ஓடி வந்து கையை நீட்டினான். பந்து கையுறை நுனியில் பட்டுத் துள்ளியது. அந்த நொடியில் ஓர்வல் பேஸை விட்டுக் கிளம்பினான். துள்ளிய பந்து தரையைத் தொடுமுன் நடுவில் நின்றவன் பாய்ந்து பிடித்தான். அடித்தவன் அவுட். ஆனால் ஓர்வல் அதற்குள் 'வீடு' எனும் கடைசிப் பேஸுக்கு வந்து சேர்ந்துவிட்டான். ஸ்கோர் சமம்.

எதிரணிக்காரன் பந்தோடு மூன்றாவது பேஸை மிதித்துக்கொண்டு கத்தினான்: "ஜட்ஜ் ஐயா, பிடிக்கிறதுக்கு முன்னாடியே ஓடிட்டான்."

நீதிபதி தீர்ப்பு வாசிப்பதுபோல் தொண்டையைச் செருமினார். "பிடிச்சு முடிக்கிற வரைக்கும் காத்திருக்கணும். அவுட். ஆட்டம் முடிஞ்சது."

விதி அப்படியில்லை. முதல் கை பந்தில் பட்டதுமே ஓடலாம். இல்லையென்றால் கெட்டிக்காரன் எவனாவது பந்தைக் கைக்குக் கை தட்டிக்கொண்டே மைதானம் முழுக்க நடந்து வருவான். ஓட்டக்காரன் கல்லாகி நிற்க வேண்டியதுதான். இது எங்கள் ஊர்க் கழுதைக்கும் தெரியும். சட்டம் படித்தவருக்குத்தான் தெரியவில்லை.

விதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குள் போனேன். இந்த வருஷத்துப் பதிப்பு. பக்கத்தைப் பிரித்து நீட்டினேன்.

"கண்ணாடி கொண்டு வரல," என்றார் நீதிபதி.

ஹோல்கோம் வாங்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார். அவருக்குப் புரிந்துவிட்டது; காது சிவந்ததிலிருந்து தெரிந்தது. தோல்வியிலிருந்து தப்பிக்க ஒரு வார்த்தை போதும். ஆனால் ஜூன் மாதம் கூரை சரிந்து செத்த ஆறு பேருக்காகக் கம்பெனி மேல் போட்ட வழக்கு புதன்கிழமை இதே நீதிபதி முன்னால் வருகிறது.

புத்தகத்தை மூடி என் பக்கம் திரும்பினார். "ஏன்ப்பா வெர்ன், இது பழைய புத்தகம்தானே?"

ஓர்வல் பக்கத்தில் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். என்னையே பார்த்தான்.

"ஆமா சார். பழசுதான்," என்றேன்.

"பாத்தீங்களா," என்றார் நீதிபதி, பொதுவாக எல்லோரையும் பார்த்து.

ஸ்கோர் எழுத உட்கார்ந்தேன். பந்தைத் தவறவிட்டவன் கையில் பட்டுத்தானே மற்றவன் பிடித்தான். ஆகவே தவறவிட்டவனுக்கு ஓர் 'உதவி' என்று எழுதுவது எங்கள் தொழில் முறை. எழுதினேன். ஓர்வல் பெயருக்கு எதிரே, 'அவசரப்பட்டு ஓடி அவுட்' என்று எழுதினேன். அதே பேனாதான்.

திங்கட்கிழமை காலை குழிக்கான சீட்டு வாங்க என் ஜன்னலுக்கு வந்தான்.

"ஓர்வல், நேத்து நான்..."

"விடுங்கண்ணே. உங்களுக்கு நாலு பிள்ளைங்க. எனக்கு ரெண்டுதான்." சிரித்தான். "நானா இருந்தாலும் பழசுன்னுதான் சொல்லியிருப்பேன். என்ன, உங்கள மாதிரி அவ்வளவு சீக்கிரமா சொல்லியிருக்க மாட்டேன்."

பின்னால் நின்றவன் சிரித்தான். நான் சீட்டில் பெயரை எழுதி, முத்திரை குத்தி நீட்டினேன். இருமல் அடங்கும்வரை ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கீழே போகும் வண்டியில் ஏறினான்.