மரமா, நிலமா

பாதர்ஸ்ட் தெருவில் ஆறாம் மாடியில் தனியாக இருந்த மிஸிஸ் ஸைடலைப் பார்த்துக்கொள்ளப் போன முதல் நாளே கோணேஸ்வரிக்கு அந்த வீட்டு வழக்கம் விளங்கிவிட்டது. யூத மனுசி. ஆண்டவனுக்கு நன்றி சொல்லாமல் ஒரு வாய் வைக்கமாட்டார். மரத்தில் காய்த்ததற்கு ஒரு மந்திரம், நிலத்தில் விளைந்ததற்கு வேறொன்று. மாறிச் சொன்னால் ஆண்டவன் பெயரை வீணாக்கிய பாவம். கண் தெரிந்தவரை பிழைவிட்டதில்லை. பார்வை போனபிறகு, தட்டைத் தொட்டுக்கொண்டு கோணேஸ்வரியைக் கேட்பார்: மரமா, நிலமா? அப்பிள் மரம். உருளைக்கிழங்கு நிலம். வாழைப்பழமும் நிலமாம், ஒரு குலையோடு சாகிறது என்ன மரம் என்று மனுசி கேட்டபோது கோணேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது.

எண்பத்தேழாம் ஆண்டுக் கோடையில் ஒருநாள் வெக்ஸ்போர்ட் தமிழ்க் கடையில் பப்பாசி கண்டாள். வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். மிஸிஸ் ஸைடல் அதுவரை அதைத் தின்றதேயில்லை. வழக்கம்போலக் கேட்டார். மட்டக்களப்பில் கிணற்றடிப் பப்பாசி நாலு வருசம் நின்று காய்த்தது கோணேஸ்வரிக்கு நினைவிருந்தது. மரம் என்றாள்.

மந்திரம் சொல்லி இரண்டு துண்டு சாப்பிட்டு முடிய, மகன் ஹெர்ஷல் வந்தார். தாயை முதியோர் ஹோமில், தங்கள் ஆட்களோடு விடவேண்டும் என்று நிற்பவர். தட்டைப் பார்த்ததும், இது மரமென்று யார் சொன்னது என்றார். உடனே தங்கள் குருவான ரபிக்குப் போன் எடுத்தார். ரபிக்கும் நிச்சயமில்லை. அவர் கேட்டதை ஹெர்ஷல் கோணேஸ்வரியிடம் கேட்டார்: எத்தனை மாதத்தில் காய்க்கும்? தண்டு உள்ளே வைரமா, கோறையா? வருசத்துக்குள் காய்த்து, உள்ளே வெறும் கோறை என்றால் நிலமாம்.

வைரம் என்று ஒரு சொல் போதும், வேலை போகாமல் தப்பும். இவருக்கு எங்கே தெரியப்போகிறது? கோணேஸ்வரி மனுசியின் முகத்தைப் பார்த்தாள்.

"கோறை. வெட்டினா உள்ளுக்கை குழாய்தான். பத்து மாசத்திலை காய்க்கும். நான் பிழையாச் சொல்லிப்போட்டன், மிஸிஸ் ஸைடல்."

ஹெர்ஷல் போனைப் பொத்திக்கொண்டார். "பாத்தீங்களா அம்மா? இதுக்குத்தான் ஹோம் எண்டனான்."

"உனக்குக் கண் தெரியுதுதானே. பப்பாசிக்கு உள்ளுக்கை என்னெண்டு உனக்குத் தெரிஞ்சுதோ? ரபிக்குத் தெரிஞ்சுதோ? இவளைத்தானே கேட்டனீங்கள். இவள் பொய் சொல்லியிருந்தா நான் சாகுமட்டும் பிழையாத்தான் சொல்லியிருப்பன். ரபி என்ன சொல்லுறார்? அதைச் சொல்லு."

நம்பிச் சொன்னது, பப்பாசியும் மரத்துக்கு வெகுதூரமில்லை, அதனால் பாவமில்லை என்றாராம் ரபி. திரும்பச் சொல்லவும் தேவையில்லை. இனிமேல் நிலம்.

மிஸிஸ் ஸைடல் பெருமூச்சு விட்டுக் கதிரையில் சாய்ந்தார்.

"கோணேஸ், நாளைக்கும் இதிலை ஒண்டு வாங்கிக்கொண்டு வா."

"அப்ப திங்கக்கிழமை ஹோம் பாக்கப் போறது?" என்றார் ஹெர்ஷல்.

"நீ போய்ப் பார். பிடிச்சா நீயே இரு."

ஹெர்ஷல் போனை வைத்துவிட்டு, தாய்க்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். கோணேஸ்வரி இன்னொரு தட்டு எடுக்கப் போனாள்.