பட்டினி டிரம்மிலிருந்து ஒரு வாளி

நொரீனைக் கிளெண்டாவுக்குப் பிடிக்காமல் போனதற்கு முதல் காரணம், வேலைக்கு வந்த அன்றே அவள் "ஆன்ட்டி" என்று கூப்பிட்டது. நொரீன் லாபுகான் ஃபோர்ட் மெக்கே ஊரின் கிரீ பழங்குடிப் பெண். அங்கே நாற்பதைத் தாண்டிய பெண்கள் எல்லாருமே ஆன்ட்டிதான், அது மரியாதை. தூரத்து நியூஃபவுண்ட்லாந்து தீவிலிருந்து பிழைக்க வந்து பதினோரு வருடமாக இந்த எண்ணெய்மணல் சுரங்கத்தில் இருக்கும் கிளெண்டாவுக்கு அது தெரியாமலில்லை. தெரிந்தும் எரிந்தது.

இரண்டாவது காரணம்தான் பெரியது. மணலிலிருந்து எண்ணெயைப் பிரித்தபின் மிஞ்சும் தண்ணீரைக் கழிவுக் குளத்தில் விடுகிறார்கள். மீனைக் கொல்லும் அமிலம் அதில் கிடக்கிறது. அந்த அமிலத்தைத் தின்னும் கிருமிகள் அந்தக் குளத்துச் சேற்றிலேயே உண்டு. குளத்தங்கரைக் கொட்டகையில் அவற்றைத் தொட்டிகளில் வளர்ப்பதுதான் கிளெண்டாவின் வேலை. இந்த இலையுதிர்காலத்தில் மேலாளர் ரஸ் ஹெவிட் வந்து, நொரீனுக்கும் ஒரு தொட்டி கொடுக்கச் சொல்லிவிட்டார். யார் தொட்டித் தண்ணீரில் டிரவுட் மீன் நாலு நாள் உயிரோடு இருக்கிறதோ, அந்தக் கிருமிதான் வசந்தத்தில் பெரிய குளத்துக்குப் போகும். அந்தக் குளத்துக்குத் தலைவி யார் என்பதும் அதோடு முடிவாகும். பதினோரு வருடம் கிளெண்டா காத்திருந்த நாற்காலி அது.

கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. புதுத் தொட்டிக்குப் பழைய ஆள் தன் சேற்றில் ஒரு வாளி உறை கொடுக்க வேண்டும், தயிருக்கு உறை ஊற்றுவதைப் போல. கிளெண்டாவும் கொடுத்தாள். ஆனால் தன் தொட்டிகளிலிருந்து இல்லை. மூலையில் ஒரு டிரம் கிடந்தது; இரண்டு குளிர்காலமாக அதற்கு அவள் தீனி போடவில்லை, கிருமியெல்லாம் செத்திருக்கும் என்று நினைத்தாள். அதில் ஒரு வாளி மொண்டு, சிரித்த முகத்தோடு நீட்டினாள்.

"நல்லா வளர்த்துக்கோ கண்ணு."

"ரொம்ப நன்றி ஆன்ட்டி." நொரீன் வாளியைக் கொஞ்சம் மோந்து பார்த்தாள். பிறகு அதைத் தன் தொட்டியில் கவிழ்த்தாள்.

ஒன்றரை மாதம் நொரீன் தொட்டியில் அமில அளவு அசையவே இல்லை. கிளெண்டாவுக்கு அந்த நாட்களில் காபி இனித்தது, பஸ்ஸில் தூக்கம் வந்தது, வெளியே நச்சுக் குளத்தில் இறங்காமல் வாத்துகளை விரட்டும் வெடிச்சத்தம்கூட நல்லதாகக் கேட்டது. பிறகு, நவம்பரில் ஒரு திங்கட்கிழமை, நொரீனின் அமில அளவு பாதியாக இறங்கியிருந்தது. அடுத்த வாரம் இன்னும் பாதி. கிளெண்டாவின் தொட்டிகளில் அளவு இருந்த இடத்திலேயே நின்றது.

கிளெண்டாவின் வயிறு பற்றி எரிந்தது. அந்தப் பெண் ஏதோ கலக்கிறாள் என்று ஒரு வாரம் கழுகுபோலக் கண்காணித்தாள். நொரீன் எதையும் கலக்கவில்லை. காற்றுக்குழாயைத் திறந்துவிட்டு, வீட்டில் சுட்டு வந்த பேனக் ரொட்டியைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உன் கிருமிக்கு என்னதான் போடுற?"

"ஒண்ணும் போடல ஆன்ட்டி. நீங்க தீனின்னு சர்க்கரைப் பாகு ஊத்துறீங்களே, அதை நிறுத்திப் பாருங்களேன். பாகு இருக்கறப்போ எந்தக் கிறுக்கு கசப்பு அமிலத்தைத் தின்னும்?"

பிள்ளைக்குச் சோறு ஊட்டத் தெரியவில்லை என்று தாயிடமே சொன்ன மாதிரி இருந்தது. அப்போதுதான் கிளெண்டாவுக்கு உறைத்தது: மூலை டிரம்மில் தீனியில்லாமல் கிடந்தவற்றில் மிஞ்சியவை, அமிலத்தையே தின்று பழகியவை. செத்ததென்று கொடுத்ததுதான் பிழைத்தது. அதைத் தானே எடுத்துக்கொள்ள வீம்பு விடவில்லை; அந்தப் பெண் இன்னொரு வாளி கேட்டுவிடுவாளோ என்ற பயத்தில், அன்று மத்தியானமே நொரீன் சாப்பிடப் போன நேரம் பார்த்து, டிரம்மை உருட்டிக் கழிவுக் குளத்தில் கவிழ்த்துவிட்டாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

டிசம்பரில் மீன் சோதனை. ஒவ்வொருவர் தண்ணீரிலும் பத்து டிரவுட். இரண்டாம் நாளே கிளெண்டாவின் மீன்களில் ஏழு வயிற்றைக் காட்டி மிதந்தன. நொரீனின் பத்தில் ஒன்பது நாலாம் நாளும் வாலை ஆட்டின.

"உறை எங்கேருந்து எடுத்தே?" என்று நொரீனிடம் கேட்டார் ரஸ்.

"ஆன்ட்டி குடுத்தாங்க. மூலையில தீனி போடாம கிடந்த டிரம்ல இருந்து."

ரஸ் கிளெண்டா பக்கம் திரும்பினார். "வேணும்னே பட்டினி போட்டியா? பதினோரு வருஷ மூளைன்னா சும்மாவா. பெரிய குளம் உன்னோடதுதான் கிளெண்டா. நொரீன் உனக்குத் துணைக்கு இருக்கட்டும்."

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். கிளெண்டா அந்த நொடியில் தொண்டையைச் செருமினாள். "ஆமா. ஒரு யோசனைதான்," என்றாள். நொரீன் கை தட்டினாள்.

"அப்போ அந்த டிரம்மைக் குளத்துக்கு எடுத்துக்க," என்றார் ரஸ்.

"அது காலியாயிடுச்சு."

"அப்போ நொரீன் தொட்டிதான் கதி. வழக்கப்படி ஒரு வாளி கேட்டு வாங்கிக்க." சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

தலைவி வாளியை எடுத்துக்கொண்டு நொரீன் தொட்டியருகே போய் நின்றாள். கேட்காமல் வாளியை மட்டும் நீட்டினாள். நொரீன் அதை வாங்கி, கையுறையைக் கழற்றி, முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து கெட்டிச் சேறாக அள்ளி நிரப்பினாள்.

"நல்ல இடத்துல இருந்துதான் எடுத்தேன் ஆன்ட்டி. வேணும்னா மோந்து பாருங்க."

கிளெண்டா நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்த்தாள். "செத்ததுன்னு நெனச்சுத்தான் குடுத்தேன்னு அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"பெத்தவங்க வீட்டுல மூக்கும் சேர்த்துத்தானே குடுத்து அனுப்பினாங்க."

"அதை ரஸ் கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு நெனச்சேன்."

இத்தனை நாளும் அந்தப் பெண்ணின் தண்ணீரைப் பார்த்து எரிந்த வயிறு, இப்போது அவளையே பார்த்து எரிந்தது. கிளெண்டா வாளியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நன்றி என்று சொல்ல வேண்டும். அதுவும் அவளால் முடியவில்லை.