ஒட்டிக்கொள்ளும் சின்னச் சொற்கள்

“பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டியே, அதை இங்கிலீஷ்ல என்னன்னு சொல்லுவ?” என்று அத்தை ஒரு பண்டிகை நாளில் எல்லோர் முன்னாலும் கேட்டாள், எனக்கு அப்போது தெரியாது, பிறகு தேடிப் பார்த்தேன், ட்ராப் அவுட், ட்ராப் என்றால் விழுவது, அவுட் என்றால் வெளியே, ஆனால் நான் எங்கே விழுந்தேன், வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் முதல் வரியிலேயே திக்கி நின்றுவிடுவேன், ஒரு நாள் பள்ளி வாசல்வரை போய்த் திரும்பி நடந்தே வந்துவிட்டேன், அவ்வளவுதான்... அதே ட்ராப்புக்குப் பின்னால் ஆஃப் வந்தால் ஒருவரைக் கொண்டுபோய் இறக்கிவிடுவதாம், தென்கொரியாவில் எங்கள் ஊரான மொக்போவில் டவுன் பஸ் ஓட்டும் அப்பா நாள் முழுக்கச் செய்வது அதைத்தான், உட்கார்ந்தபடியே தூங்கிப்போவதற்கும் அதே ட்ராப் ஆஃப்தானாம், அதையும் அவர் தினமும் டிவிக்கு முன்னால் செய்கிறார். ஒரு சின்னச் சொல் வந்து ஒட்டிக்கொண்டதும் பெரிய சொல் தன் குணத்தையே மாற்றிக்கொள்கிறதே, அதற்கு வெட்கமே கிடையாதா? இன்று தனித்தேர்வில் இவை எல்லாம் வரிசையாக வந்து நிற்கும், மற்றப் பாடங்களில் தேறிவிட்டேன், ஆங்கிலத்தில்தான் போனமுறை கவிழ்ந்தேன், இந்தமுறையும் போனால் சான்றிதழ் இல்லை, அத்தைக்கு அடுத்த பண்டிகைக்கும் ஒரு கேள்வி கிடைத்துவிடும்.

அப்பா என் முன்னால் கிண்ணத்தை வைத்தார், பார்த்தால் கடற்பாசி சூப். இன்று என் பிறந்தநாள், பிறந்தநாளுக்கு எங்கள் ஊர் வழக்கம் அதுதான், ஆனால் தேர்வு நாளில் எந்த வீட்டிலும் அதை அடுப்பில் ஏற்றமாட்டார்கள், வழுக்குமே, படித்ததெல்லாம் வழுக்கிக்கொண்டு போய்விடுமே... அந்த நேரம் பார்த்து அத்தை, தேர்ச்சி ஒட்டிக்கொள்ளட்டும் என்று பிசுபிசுக்கிற அரிசி மிட்டாய் டப்பாவோடு உள்ளே வந்தாள். “அடப்பாவி தோங்சிக்! பரீட்சைக்குப் போற புள்ளைக்கு இதையாடா ஊத்துவ? மூளையை பஸ்லயே விட்டுட்டு வந்துட்டியா?” “பொறந்தநாளாச்சேக்கா.” “ஒருநாள் கழிச்சுச் செஞ்சா பொறந்தநாள் ஓடியா போயிடும்? சேபோம் இன்னிக்குக் கோட்டை விட்டா உன்னாலதான்னு ஊரெல்லாம் சொல்லுவேன், பாரு!” “சொல்லுக்கா, ஒருத்தர் விடாம சொல்லு,” என்றார் அப்பா, திட்டு வாங்குகிறவர் முகமாகவே அது இல்லை, கேட்டு வாங்கிக்கொண்டவர் முகம்.

நான் குடித்தேன், நல்லெண்ணெய் வாசத்தோடு தொண்டையில் சூடாக இறங்கியது, அப்பா மறக்கிறவர் இல்லையே, தேர்வு நாளைக் காலண்டரில் சிவப்பு வட்டம் போட்டு வைத்ததே அவர்தானே, அப்படியென்றால்... நான் தோற்றால் சூப் வழுக்கிவிட்டது, அப்பாதான் காரணம், சேபோம் பாவம், இப்படித்தானே பேசுவார்கள்? அதற்காகவா? இல்லை, நானாக இட்டுக்கட்டுகிறேனா? கேட்டால் பொய்தான் சொல்லுவார், அடுத்தவர் மேல் விழப்போகும் பழியை முன்கூட்டியே தன் மேல் வாங்கிக்கொள்வதற்கு ஆங்கிலத்தில் டேக் வரும், அதுவரை தெரியும், அதற்குப் பின்னால் எந்தச் சின்னச் சொல்... நான் நிமிர்வதற்குள் அப்பா என் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.